தட்டிப் பார்த்தல்

முதலில் விரல் போனது.
சாவி தேடி வாசல் நிலையில் கை ஊன்றினேன்,
பப்படத்துக்குள் போவது போல
நகக்கண் வரை உள்ளே போனது.
மரம் என்று நான் நம்பியிருந்தது
மூன்று தட்டுப் பச்சைப் பெயின்ற்.

உட்சுவரில் செம்பாட்டு மண்ணால் ஒரு நரம்பு.
மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னால் ஏறி
பிள்ளையார் படத்துக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து
ஒன்று முகட்டுக்கு, ஒன்று அலுமாரிக்கு.
உடைத்தால் வெள்ளையாய்ச் சிதறும்.
விடிய வந்து பார்த்தால்
அதே இடத்தில் ஈர மண் ஒட்டுப் போட்டிருக்கும்.
ஏழாலையில் வீதி திருத்துகிறவர்களிடம்
இந்த அவசரத்தை நான் கண்டதில்லை.

அலுமாரியின் கீழ்த்தட்டில் காணி உறுதி.
நொத்தாரிசின் கையெழுத்து அப்படியே இருந்தது.
நாலு எல்லைகளையும் தின்றுவிட்டு
'கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும்'
என்ற வரியைச் சல்லடையாய் மிச்சம் விட்டிருந்தது.

யூட்சன் வந்தான், முதுகில் தாங்கி, கையில் ட்றில்.
"அடிக்கு ஒரு ஓட்டை அக்கா, வீட்டைச் சுத்தி.
அஞ்சு வருசத்துக்குப் பயமில்லை."
பிறகு கிணற்றைப் பார்த்தான்.
காலடியால் அளந்தான். பதினெட்டு.
"இந்தப் பக்கம் ஏலாது.
கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, பொந்து பொந்தா.
இண்டைக்கு நான் ஊத்தினா
நாளைக்கு அதில நீங்கள் தேத்தண்ணி வைப்பியள்."

நான் மட்டுமா.
மதிலுக்கு அங்கால் திலகேஸ்வரியும் வைப்பா.
ஒரு கிணறு, இரண்டு மோட்டர்,
ஏழு வருசமாய் ஒரு சொல் இல்லை.
இரண்டு முழ எல்லைக்கு
மல்லாகம் கோட்டில் பதினொரு தவணை.

மூன்று பக்கம் மருந்து. ஒரு பக்கம் திறந்தபடி.
கறையானுக்கு அது விளங்காமலா இருக்கும்?

ஐப்பசியின் முதல் பெருமழை விட்ட பின்னேரம்
வீட்டு விளக்கெல்லாம் நூர்த்துவிட்டு
ரோர்ச்சோடு வளவில் நின்றேன்,
ஈசல் எங்கே கிளம்புகிறதென்று பார்க்க.
மதிலின் காலடியில்.
சரியாக அந்த இரண்டு முழத்தில்.
அங்கால் இன்னொரு ரோர்ச்.

"உங்கட பக்கமும் தின்னுதோ?"
"குசினி முகட்டை முடிச்சிட்டுது."

ஏழு வருசத்தின் பின் முதல் வசனங்கள் இவை.
இதைவிட நல்லதாய் ஏதும் பேசியிருக்கலாம்.

ஞாயிறு, அவவின் அலவாங்கு, என் மண்வெட்டி.
புற்றென்றால் பாம்பிருக்கும் என்று
ஒவ்வொரு வெட்டுக்கும் இருவரும் பின்னுக்குப் போனோம்.
முழங்கை ஆழத்தில் சாம்பல் நிறத்தில் தேனடை,
அதற்கும் கீழே இறுகிய மண் அறை,
அறைக்குள் விரல் மொத்தத்தில் இராசாத்தி,
நகர மாட்டாதவள்,
துடித்துத் துடித்துப் பெற்றுக்கொண்டிருந்தாள்.
யாருடைய காணியில் கிடக்கிறாள் என்று
இருவரும் மனதுக்குள் நூல் பிடித்தோம்.
பொய் சொல்வானேன்.
திலகேஸ்வரியின் சேவல் வந்து
ஒரே கொத்தில் விழுங்கிவிட்டுப் போனது.

வழக்கு தை மாதத்துக்குத் தவணை.
உறுதிக்குப் பிரதி கேட்டு
காணிக் கந்தோரில் மூன்று தரம் வரிசையில் நின்றாயிற்று.
நிலையைக் கழற்றிச் சீமெந்தில் வார்த்தோம்.
முகட்டில் பனஞ்சிலாகை மட்டும் அசையவில்லை,
வைரம், அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப்
போயிருக்கிறதுகள்.

கதவு இன்னமும் மரம்.
வேலையால் வந்து சாவி போட முதல்
விரல் மொழியால்
மேலே, நடுவில், கீழே தட்டிக்
காது வைத்துக் கேட்கிறேன்.
ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவர்கள் நினைப்பார்கள்
உள்ளே யாரோ இருக்கினம் என்று.